குடியுரிமை: 'குடி'யும் 'உரிமை'யும்

இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் 'பிரஜாவுரிமை' என்று சொன்னதைத்தான் இக்கரையின் அலுவலகத் தமிழ் 'குடியுரிமை' என்கிறது. இரண்டும் சிட்டிசன்ஷிப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வழங்குபவை. ஆயினும் வேர்கள் வேறு. 'பிரஜை' என்னும் வடசொல் முதலில் பிள்ளையையும் சந்ததியையும் குறித்து, பிறகு அரசனால் ஆளப்படுபவரைக் குறிக்கலாயிற்று. சிட்டிசன் என்பதோ நகரத்தவரைச் சுட்டும் இலத்தீன் சொல்வழி வந்தது. நம் 'குடி' வீட்டையும், குடும்பத்தையும், மரபையும், ஆட்சிக்குட்பட்ட மக்களையும் ஒருசேரக் குறிப்பது. குடில், குடிசை, குடித்தனம் எல்லாம் அதன் உறவுச் சொற்களே. திருக்குறளில் 'குடிமை' நற்குடிப் பிறப்பின் இயல்பு. இராமநாதபுரம் ஜமீன் காலத்தில் விளைச்சலில் உழுதவர் பங்கைக் 'குடிவாரம்' என்றார்கள். ஆகவே குடிக்கென்று ஓர் உரிமை உண்டு என்னும் கருத்து இச்சீமைக்குப் புதிதன்று.

ஆனால் இந்த வேரே ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. ஓரிடத்தில் நெடுங்காலம் குடியிருந்தால் குடியுரிமை தானே வந்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். வருவதில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தும் நாடற்றவர்களாயினர். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டனர் என்பதைத் தவிர வேறு வினைச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு, வம்சாவளி, பதிவு ஆகிய வழிகளையும், நெடுநாள் வசித்த அயல்நாட்டவர் விண்ணப்பித்துப் பெறும் வழியையும், புதிய நிலப்பகுதி நாட்டோடு இணையும்போது அங்குள்ளோர் பெறும் வழியையும் வகுக்கிறது. பிறந்த மண் மட்டுமே போதும் என்ற நிலை, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை பிறந்தோர்க்கே பொருந்தும்; பின்னர்ப் பெற்றோரின் நிலையும் பார்க்கப்படுகிறது. எனவே மண்டபத்தில் அத்தேதிக்கு முன்னும் பின்னும் பிறந்த உடன்பிறப்புகள் இருவருக்கு, பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராயின், சட்டம் இரு வேறு விடைகளைத் தரும்.

விண்ணப்பித்துப் பெறும் அந்த வழியை ஆங்கிலத்தில் நேச்சுரலைசேஷன் என்பர். அதை 'இயற்கையாக்கம்' என்று பெயர்த்தால் மரம் நடும் திட்டம் போலத் தோன்றும். 'குடியேற்பு' என்பது என் தேர்வு. அதற்கு இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்பதால் தமிழ் அறிந்தாலே அந்த நிபந்தனை நிறைவேறும். எனினும் ஆவணமின்றிப் படகில் வந்து தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் இறங்கியவரைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என வகைப்படுத்துவதால், அவர் இவ்வழியில் விண்ணப்பிக்கவே இயலாது.

தனி ஆளைக் குறிக்கக் குடிமகன், குடிமகள் என்பனவே வழக்கு. தென்மாவட்டச் சிற்றூர்களில் 'குடிமகன்' என்றால் ஊருக்கு முடிதிருத்துபவர் என்ற பழம்பொருளும் உண்டு. மதுக்கடை சார்ந்த கேலிப்பொருளோ பிற்காலத்தது. எழுத்தில் இம்மயக்கங்களைத் தவிர்க்கக் 'குடிமக்கள்' என்னும் பன்மையை ஆள்வது நன்று.