ஃபட்டீக்: களைப்பு, சோர்வு, அயர்வு

கோவையின் உடற்பயிற்சிக் கூடங்களில் 'ஃபட்டீக்' அன்றாடப் பேச்சாகிவிட்டது. எடையைத் தூக்க முடியாமல் கை நடுங்கினால் அதுதான் ஃபட்டீக் என்று பதினேழு வயதுப் பையனும் சொல்கிறான். தேசிய மாணவர் படை முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கு இதே சொல் வேறு பொருளில் பழக்கம்: முகாமைப் பெருக்குவதும், புல் செதுக்குவதும், சமையற்கூடத்துக்குத் தண்ணீர் சுமப்பதும் அங்கே ஃபட்டீக். பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைப் பொறியாளரைக் கேட்டால், பல லட்சம் முறை சுழன்ற தண்டு ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறிவதற்கு அவர் சொல்லும் காரணமும் ஃபட்டீக்தான்.

இச்சொல்லின் மூலம் இலத்தீனில் உள்ள 'ஃபட்டிகாரே' என்னும் வினை. ஓயச் செய்தல், விடாமல் தொந்தரவு செய்து அலைக்கழித்தல் என்பவை அதன் பொருள்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், போர் சாராத உடலுழைப்பு வேலைகளுக்குப் படைகளில் பெயராயிற்று. மாணவர் படை முகாமில் வழங்கும் பொருள் அந்த வழியில் வந்ததே. 19ஆம் நூற்றாண்டில் இரயில் அச்சுகள் எடை தாங்க முடியாத நிலை வராமலே முறிவதைக் கண்ட பொறியாளர்கள் இச்சொல்லை உலோகத்துக்கும் கொண்டுபோனார்கள். ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர், சிறு சுமையானாலும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் உலோகம் முறியும் என்பதைச் சோதனைகளால் காட்டினார். இத்தாலிய உடலியலாளர் ஆஞ்சலோ மோசோ மனித உடலின் ஃபட்டீக் பற்றி 1891இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். விரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கவைத்து, ஒவ்வோர் இழுப்பிலும் உயரம் குறைந்துகொண்டே போவதைத் தாளில் கோடாகப் பதியவைத்த கருவி அவருடையது. தேர்வு நடத்தி முடித்த ஆசிரியரின் விரலிலும் அந்த உயரம் குறைந்திருந்ததை அவர் கண்டார். உழைத்தது மூளை, தளர்ந்தது விரல். அந்தச் செய்தி இக்கட்டுரையில் பின்னால் தேவைப்படும்.

இன்றைய உடற்பயிற்சி அறிவியல் இச்சொல்லுக்குள் குறைந்தது இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, உழைத்தவன் தனக்குள் உணர்வது. மற்றொன்று, பிறர் அளந்து பார்க்கக்கூடிய செயல்திறன் குறைவு. இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. மூச்சு வாங்கி, முகம் சிவந்து நிற்பவன் பிழையில்லாமல் ஆடுவதும் உண்டு. தனக்கு ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நம்புகிறவனின் கால் அரை அடி பின்தங்குவதும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே அடைமொழி சேர்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் தனித்தனிச் சொற்களே இருக்க, நாம் மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம் என்பதே என் மனக்குறை.

இந்த வேறுபாட்டைக் காட்ட ரக்பி லீக் போல் பொருத்தமான ஆட்டம் குறைவு. இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் 1895இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்ததில் தொடங்கிய இவ்வாட்டம் இன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களிலும் பப்புவா நியூ கினியிலும் மக்களின் பேராட்டமாக இருக்கிறது. அணிக்கு 13 பேர். இரு பாதிகளாக 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபடும் வரை ஆடலாம். அதற்குள் எதிரணியின் இறுதிக் கோட்டைக் கடக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும், பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் உருட்டிவிடும் இடத்தில் நிற்கும் ஓரிருவரைத் தவிர, பிடிக்கும் அணியினர் 10 மீட்டர் பின்வாங்கி மறுபடியும் முன்னேறி வந்து மோத வேண்டும். கபடி பார்த்து வளர்ந்த கொங்கு நாட்டு இரசிகருக்கு இது விளங்குவது கடினமில்லை. பாடி வருபவனைப் பிடித்து எழுந்ததும், மூச்சு திரும்புமுன் அடுத்தவன் பாடி வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இதில் ஃபார்வர்டு எனப்படுபவர்கள் 8 முதல் 13 வரை எண் அணியும் ஆறு பேர். கால்பந்துக் கட்டுரைகளில் எழுதுவதுபோல இவர்களை 'முன்கள வீரர்' என்று எழுதினால் கோல் அடிப்பவர் என்ற எண்ணம் வந்துவிடும். இவர்கள் அணியின் பெருத்த உடலினர். நெருக்கத்தில் பந்தை ஏந்தி மோதி முன்னேறுவதும், எதிரே அப்படி வருபவர்களைப் பிடித்து வீழ்த்துவதும் இவர்கள் வேலை. ஆகவே 'முன்னணியாளர்' என்று எழுதுகிறேன்; படையின் முன்னணி என்ற பழைய வழக்கு அதற்குத் துணை நிற்கிறது.

முன்னணியாளருக்கு ஓட்டத்தைவிட மோதலே அதிகம் செலவு வைக்கிறது. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவரைப் பிடித்து, நிமிரவிடாமல் மல்லுக்கட்டித் தரையில் சாய்த்து, எழுந்து, பின்னோக்கி ஓடுவதென்பது கால் தசை, தோள் தசை, மூச்சு மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கும் உழைப்பு. திடீர் விசைக்குத் தசை நம்பியிருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்னும் வேதிப்பொருளின் இருப்பு சில நொடிகளிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். முழுதாகத் திரும்பிவரச் சில நிமிடங்கள் வேண்டும். தன் அணி தொடர்ந்து இரண்டு மூன்று சுற்று பிடிக்க நேர்ந்தால் அந்தச் சில நிமிடங்கள் அவருக்குக் கிடைப்பதில்லை. ஆட்டம் முழுவதும் நிற்கும் முன்னணியாளர்கள் உண்டு என்றாலும், 8, 10 எண் அணியும் தூண் ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் இடையில் வெளியேற்றி, ஓய்வு கொடுத்து, மறுபடி இறக்குவது இதனால்தான். ஆஸ்திரேலியத் தேசியப் போட்டியில் ஓர் அணி ஆட்டத்துக்குச் செய்யக்கூடிய ஆள்மாற்றம் 2016 முதல் பத்திலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டது. பெருத்த உடலினர் இன்னும் நெடுநேரம் களத்தில் நிற்க வேண்டியதாயிற்று. எருது பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்து எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், எருதின் நடை எப்போது மாறும் என்று பார்த்து அவிழ்த்துவிட்டதும் இதே கணக்குத்தான்.

இனித் தாக்குதலில் என்ன நிகழ்கிறது என்று பார்க்கலாம். உடல் தேறியிருக்கும்போது முன்னணியாளர் பத்தடி பின்னால் நின்று, ஓடிவந்து வேகத்தோடு பந்தை வாங்குவார். தளர்ந்தபின் பந்து வரும் இடத்துக்கே தாமதமாக வந்து, நின்ற நிலையில் வாங்குவார். எடை அதேதான், வேகம் இல்லாததால் உந்தம் இல்லை. எதிரணியின் தடுப்பு வரிசையை அவர் வளைக்கவில்லை, அவர்கள்தான் அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். மோதியபின் கால்களை விடாமல் அடித்து இன்னும் இரண்டு மீட்டர் பெறுவது நின்றுபோகும். வயிறு தரையில் படும்படி விழுந்து சட்டென எழ வேண்டியவர் மல்லாந்து விழுவார். அவர் எழுந்து காலால் பந்தை உருட்டிவிட எடுக்கும் கூடுதல் இரண்டு நொடியில் எதிரணி முழுதும் வரிசை கட்டி நின்றுவிடும். பார்வையாளர் கண்ணில் இது ஒரு தவறாகவே படாது. ஆனால் அடுத்து பந்தை வாங்குபவருக்கு இடமில்லாமற்போவது இங்கேதான் தொடங்குகிறது.

தடுப்பில் நிகழ்வது இதைவிட நுட்பமானது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் காபெட், ரக்பி லீக் ஆட்டக்காரர்களை வெவ்வேறு அளவு உழைக்கவைத்து அவர்கள் பிடிக்கும் முறையை மதிப்பிட்டு, உழைப்பு கூடக் கூட அம்முறை படிப்படியாகக் கெடுவதை 2008இல் வெளியிட்டார். கெடுவது எப்படி? முதலில் இடுப்பும் முழங்காலும் மடங்க மறுக்கின்றன. உடல் நிமிர்ந்தே நிற்கிறது. காலடி எதிராளிக்கு அருகில் போய் ஊன்றுவதில்லை. அதனால் தோளால் அடிக்க வேண்டியவர் கையை மட்டும் நீட்டுகிறார். நீட்டிய கை சட்டையைத் தொட்டு வழுக்கி நழுவுகிறது. தலையை வைக்கும் பக்கம் தவறினால் பிடிப்பவருக்கே காயம். இவையெல்லாம் உடலின் கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு: 10 மீட்டர் பின்வாங்காமல் நின்று தண்டனை வாங்குவது, பந்து உருட்டப்படும் இடத்துக்கு அருகே இருக்கும் எதிராளியை 'பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுவது, வரிசையில் பக்கத்தில் இருப்பவர் முன்னேறும்போது தான் ஓரடி பின்தங்குவது. அங்கே கால் வலுவிழந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கவனம் வலுவிழந்தாலே போதும்.

இப்போது சொற்களுக்கு வருவோம். 'சோர்தல்' என்பதன் பழம்பொருள் நழுவுதல். கூந்தல் சோர்ந்தது, ஆடை சோர்ந்தது, கண்ணீர் சோர்ந்தது என்ற வழக்குகளில் எங்கும் அலுப்பு என்ற பொருளே இல்லை. பிடியிலிருந்து விலகி விழுவதுதான் உண்டு. அதிலிருந்துதான் தவறிப்போதல் என்ற பொருள் கிளைத்தது. 'காத்தோம்பல் சொல்லின்கட் சோர்வு' என்று குறள் சொல்லும்போது குறிப்பது பேசிக் களைத்ததை அல்ல, பேச்சு நழுவியதை. எதிராளியின் இடுப்பிலிருந்து நழுவும் அந்தக் கைக்கு இதைவிட நேரான சொல் எந்த மொழியிலும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே செயல்திறன் குறைவைக் குறிக்கச் 'சோர்வு' என்று எழுதலாம்: பிடி சோர்ந்தது, ஓட்டம் சோர்ந்தது, கைச்சோர்வால் பந்து விழுந்தது.

'அயர்தல்' என்பதற்குத் தளர்தல், மறத்தல் என இரு பொருளும் அகராதியில் உள்ளன. உயிர் 'உசுரு' ஆனதுபோல அயர்தல் பேச்சில் அசருதல் ஆகிறது. 'அசந்த நேரம் பார்த்து' என்று நாம் சொல்வதில் உடல்வலி ஏது? கவனம் விலகிய நொடியைத்தான் சொல்கிறோம். மோசோவின் ஆசிரியரிடமும், பின்வாங்க மறந்த முன்னணியாளரிடமும் முதலில் நிகழ்ந்தது இந்த அயர்வே. உணர்வு நிலைக்குக் 'களைப்பு' பொருத்தமாக இருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று தன்னைப் பற்றி ஒருவரே சொல்ல முடியும். ஆயாசம் வடமொழிச் சொல். அதோடு இன்று சலிப்பின் சாயல் ஏறிவிட்டது. சிரமமும் வடமொழிதான், அது இப்போது கஷ்டம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. 'மெய்வருத்தக் கூலி' என்ற தொடரில் வருத்தம் உடலுழைப்பைக் குறித்தது. இன்று அதை மீட்டெடுக்க முயன்றால் வாசகர் துக்கம் என்றே படிப்பார்.

ஒரு தடை உண்டு. 'மனச்சோர்வு' இப்போது ஒரு நோயின் பெயராக நிலைத்துவிட்டதால், 'சோர்வு' என்று மட்டும் எழுதினால் சிலருக்கு மனநிலை நினைவுக்கு வரும். பிடிச்சோர்வு, கால்சோர்வு, ஆட்டச்சோர்வு என்று எது சோர்ந்தது என்பதைச் சேர்த்தே எழுதிவிட்டால் குழப்பம் வராது. பயிற்சியாளருக்கும் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது உடனே விளங்கும். களைப்புக்கு ஓய்வு வேண்டும், பிடிச்சோர்வுக்கு உழைத்த உடலோடு பிடிக்கும் பயிற்சி வேண்டும், அயர்வுக்குப் பக்கத்தில் நிற்பவரின் குரல் வேண்டும்.

நான்காவதாக ஒரு நிலை இருக்கிறது. அதற்கு எழுத்துத் தமிழில் தேடவேண்டியதில்லை. ஆட்டம் முடிந்து ஓரிரு நாள் வரை முன்னணியாளரின் தசை விசை முழுதாகத் திரும்பாது. மோதலில் தசை நார்கள் சிதைந்ததைக் காட்டும் அறிகுறிகள் இரத்தத்தில் அதற்கு மேலும் சில நாள் இருக்கும். ஆங்கிலத்தில் இதை எஞ்சிய ஃபட்டீக் என்பார்கள். கரும்பு வெட்டிய மறுநாளும், கல்யாண வீட்டில் ஓடியாடிய மறுநாளும், கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் 'ஒடம்பெல்லாம் சடவா இருக்குதுங்க' என்கிறார்களே, சடைவு என்ற எழுத்து வடிவத்தின் பேச்சுருவான அந்தச் சடவுதான் இது.