மழை விட்ட பிறகும் நீலகிரியில் மண் சரிவது ஏன்?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், சாலைக்காக மலையை வெட்டிய இடங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே கொஞ்சம் கருமண், அதன் கீழே செம்மண், இன்னும் கீழே விரலால் நசுக்கினாலே உதிரும் வெளிறிய களிமண். அதற்கும் அடியில்தான் பாறை. அந்தக் களிமண்ணும் ஒரு காலத்தில் பாறைதான். சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை (சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம்) லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் ஊறி இப்படி மக்கிவிட்டது. இந்த அடுக்கு பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குப் போகிறது.

மழையின் பாரம் தாங்காமல் மலை சரிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாரம் கூடுவது உண்மை. ஆனால் பெரிய வேலை உள்ளே நடக்கிறது. சரிவான நிலத்தில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மண்துகள்களுக்கு இடையிலான உராய்வு. லேசான ஈரம் இந்தப் பிடிப்புக்கு உதவவே செய்யும். கடற்கரையில் பிள்ளைகள் ஈர மணலில்தானே வீடு கட்டுகிறார்கள்! அடைமழையில் மண்ணின் துளைகள் முழுக்க நிரம்பினால் நிலைமை தலைகீழாகிறது. உள்ளே சிக்கிய நீர் எல்லாப் பக்கமும் அழுத்தி, துகள்கள் ஒன்றையொன்று இறுக்கும் விசையைக் குறைக்கிறது. விசை குறைந்தால் உராய்வும் குறையும். ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத்தானே தாங்க முடியாமல் மொத்தமாக நகர்ந்துவிடும்.

மேலே விழுந்த நீர் களிமண்ணையும் பாறையையும் எட்ட நேரம் பிடிக்கும். அதனால்தான் மழை விட்ட பிறகும் ஆபத்து விடுவதில்லை.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் அடுத்தடுத்து மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஏறக்குறைய அதே அளவு கொட்டியது. அங்கும் மலை சரிந்தது, ஆனால் காடு சூழ்ந்த அந்தப் பகுதியில் வீடுகள் குறைவு. ஆக, மழையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வீடு கட்ட அடிவாரத்தை வெட்டுகிறோம், மேலே இருப்பதைத் தாங்கிய மண் போய்விடுகிறது. ஓடையை மூடுகிறோம், நீர் வேறு வழியின்றி மண்ணுக்குள் இறங்குகிறது. தடுப்புச்சுவர் எழுப்பினால் போதும் என்று நினைப்பதும் தவறு. சுவரில் நீர் வடியும் குழாய்கள் அடைபட்டிருந்தால், பின்னால் தேங்கும் நீரே அதைத் தள்ளிச் சாய்த்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே அந்தக் குழாய்களில் அடைத்த மண்ணையும் புல்லையும் எடுத்துவிடுங்கள்.

தரையில் புது விரிசல், சாயும் மரமோ மின்கம்பமோ, திடீரென இறுகும் கதவு, கலங்கி வரும் ஊற்று: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே வெளியேறி, 1077-க்குத் தகவல் சொல்லுங்கள். மழை ஓய்ந்துவிட்டதே என்று அன்றிரவே வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.