உக்குவது வேறாக, உக்காதது வேறாக: வன்னியில் குப்பை எடுப்பு விதிகள்

கலந்து கட்டிய குப்பைப் பையைச் சபைத் தொழிலாளி படலையடியிலேயே விட்டுவிட்டுப் போனால் அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அவர் விதிப்படிதான் நடக்கிறார். 2016 நவம்பர் 1 முதல் இலங்கை முழுவதும் உள்ளூராட்சி சபைகள் தரம் பிரித்த குப்பையை மட்டுமே எடுக்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஆறு மாதம் கழியமுன், 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த அறிவிப்பு கடதாசியை விட்டு வீதிக்கு வந்தது. வன்னியில் அது மெதுவாகவே வந்து சேர்ந்தது. ஒரு வட்டாரத்தில் இறுக்கம், பக்கத்து வட்டாரத்தில் தளர்வு. குழப்பமெல்லாம் இதனால்தான்.

முதலில் உங்கள் சபை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வவுனியா நகரம் என்றால் மாநகர சபை. மன்னார் நகரம் என்றால் நகர சபை. கிளிநொச்சி நகரத்துக்குக் கரைச்சிப் பிரதேச சபை, முல்லைத்தீவு நகரத்துக்குக் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை. கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலோ போய்க் குப்பை எடுக்கவில்லை என்று முறையிடுபவர்களை இன்றும் காணலாம். அது அவர்களுடைய வேலையல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், வீட்டுக் குப்பையை உரிய காலத்தில் அகற்றுவதை, இயன்றவரையில், சபையின் கடமை ஆக்குகிறது. சேகரித்த குப்பை சபையின் சொத்து. அதை விற்கவும் சபைக்கு உரிமை உண்டு. நகர சபைக்கும் மாநகர சபைக்கும் இதே மாதிரி ஏற்பாடுகள் உள்ளன. ‘இயன்றவரையில்’ என்ற அந்தச் சொல்லுக்குள்தான் பல சபைகள் ஒளிந்துகொள்கின்றன. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் பழுது, ஆள் இல்லை, பாதை சரியில்லை என்று காரணம் வரும். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும்.

சரி, எதை எப்படிப் பிரிப்பது? மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நிறக் குறியீட்டில் பச்சை உக்கும் குப்பைக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக், பொலித்தீனுக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. வீட்டில் இத்தனை வாளி வாங்கி வைக்கத் தேவையில்லை. பொது இடங்களில் உள்ள தொட்டிகளுக்குத்தான் இந்த நிறங்கள் அதிகம் உதவும். வீட்டுக்கு இரண்டு உரப்பையும் ஒரு பழைய வாளியும் போதும். வாளியில் சாப்பாட்டு மிச்சம், மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை. ஒரு உரப்பையில் காய்ந்த பிளாஸ்டிக், பொலித்தீன், கடதாசி. மற்றதில் போத்தலும் தகரமும். எந்த நாளில் எது எடுக்கப்படும் என்பது சபைக்குச் சபை மாறும். அதைச் சபை அலுவலகத்தில் கேட்டு அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதில் ஆட்கள் வழக்கமாகத் தவறுவது ஈரத்தில்தான். யோகட் கப்பைக் கழுவாமல் போட்டால் மூன்றாம் நாள் புழு வைக்கும், எறும்பு மொய்க்கும், அந்தப் பையில் உள்ள கடதாசியும் கெடும். ஒரு சிரட்டைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. பால்மாப் பைக்கற்றைப் பாருங்கள்: வெளிப்பெட்டி மட்டை, அது கடதாசியோடு போகும், உள்ளே உள்ள பளபளப்பு உறையைப் பழைய சாமான் வாங்குகிறவர் தொடமாட்டார், அது உக்காத குப்பையோடு சபைக்குத்தான் போக வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டுங்கள். இன்சுலின் ஊசியை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, தொழிலாளியிடம் சொல்லிக் கொடுங்கள். பலருக்குக் கையுறை கூட இல்லை.

உக்கும் குப்பையைச் சபைக்குக் கொடுக்க வேண்டுமா என்பதே வன்னியில் ஒரு கேள்வி. நகர நடுவில் கடை மாடியில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. அரை ஏக்கர் வளவு உள்ளவர் வாழை இலையையும் மாங்கொட்டையையும் பையில் கட்டி உழவு இயந்திரத்துக்குக் காத்திருப்பது எனக்கு விளங்கவில்லை. வேலியோரம் சருகு ஒரு அடுக்கு, சமையல் கழிவு ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் சாணம். நனையாமல் ஒரு கிடுகு. மாரியில் கிடங்குக்குள் தண்ணீர் நிற்கும் என்பதால் கிடங்கு வெட்டாமல் நிலத்துக்கு மேலே குவிப்பது நல்லது. மீன் செதிலையும் இறைச்சி எலும்பையும் மட்டும் ஆழப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாயும் பன்றியும் கிண்டிவிடும். சிரட்டையைத் திறந்த வெளியில் நிமிர்த்திப் போடாதீர்கள். தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினால் 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி வீட்டுக்காரர் மீது வழக்கு வரலாம். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வளவுக்குள் வருவது இதற்காகத்தான்.

எரிப்பதுதான் இங்கே பெரிய சிக்கல். பின்னேரம் முற்றம் கூட்டி, சருகோடு சொப்பிங் பையையும் சேர்த்துக் கொளுத்துவது பரம்பரைப் பழக்கம். சருகு மட்டும் இருந்த காலத்துப் பழக்கம் அது. 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதிய வர்த்தமானிப்படி பிளாஸ்டிக் உட்படக் குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது குற்றம். முற்றத்து நெருப்பின் சூடு பிளாஸ்டிக்கை முழுதாக எரிக்கப் போதாது. பி.வி.சி. குழாய்த் துண்டு போன்றவை எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு வெளியாகும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் விளக்குமாறோடு பக்கத்தில் நிற்பவர்தான். எரிப்பதற்குத் தடை வந்த அதே நாளில்தான் லஞ்சீற்றும் (சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாள்) ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், யோகட் கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை ஆகியவையும் அந்த வரிசையில் சேர்ந்தன. சந்தையில் இன்னும் கிடைக்கிறதே என்று கேட்டால், கிடைக்கிறதுதான்.

2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் சொப்பிங் பையை இலவசமாகத் தரக்கூடாது. பைக்கு விலை போட்டுப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து பை கொண்டு போனால் அந்தச் செலவே இல்லை.

வயல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. களைநாசினிப் போத்தலை வீட்டுக் குப்பையோடு சேர்க்கவே வேண்டாம். வாய்க்காலில் எறிவதும், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க வீட்டுக்குக் கொண்டுவருவதும் அதைவிட மோசம். மருந்து முடிந்தவுடன் மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை விசிறும் தாங்கியிலேயே ஊற்றுங்கள். போத்தலில் துளை போட்டு, பிள்ளைகளின் கை படாத இடத்தில் சேர்த்து வைத்து, எங்கே கொடுப்பது என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாக, எல்லாரும் சொல்லும் குறை. நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், அவர்கள் ஒரே பெட்டிக்குள் கொட்டுகிறார்கள். எங்கள் ஒழுங்கையிலும் இது நடந்தது. இரண்டு பையும் ஒரே குவியலில் விழுந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா அடுத்த கிழமையே பிரிப்பதை விட்டுவிட்டார். கோபம் நியாயம்தான். ஆனால் அதைத் தொழிலாளி மீது காட்டாமல் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். 2023 மார்ச் முதல் 2025 ஜூன் வரை சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். கடிதத்தின் பிரதியை அவருக்கும் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். பிரித்துச் சேகரித்த பிளாஸ்டிக்கும் கடதாசியும் யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்பட்டன, எந்த வட்டாரத்துக்கு எந்த நாளில் வாகனம் வர வேண்டும் என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.