கேட்பு வைப்பு கூடினால் வணிகம் செழிக்கிறதா?

வங்கிகளில் கேட்பு வைப்புகள் பெருகியுள்ளன என்று செய்தி வந்தால், நாட்டில் வணிகம் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பல நேரங்களில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகக் கணக்கில் ஏறியது என்பதைப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.

கேட்டவுடன் வங்கி திருப்பித் தந்தாக வேண்டிய பணமே கேட்பு வைப்பு. நடப்புக் கணக்குகள் முழுவதும் இதில் சேரும், நிரந்தர வைப்புகள் சேராது. சேமிப்புக் கணக்கோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பிரிக்க இந்திய ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. அரையாண்டில் ஒவ்வொரு மாதமும் இருப்பு எவ்வளவு தாழ்ந்தது என்று பார்த்து, அந்தக் குறைந்தபட்ச இருப்புகளின் சராசரியைக் காலப் பொறுப்பாகவும் (நிரந்தர வைப்பைப் போல நிலைத்து நிற்பது), அரையாண்டின் சராசரி இருப்பில் அதற்கு மேல் நிற்கும் தொகையைக் கேட்புப் பொறுப்பாகவும் (கேட்டவுடன் தர வேண்டியது) வங்கிகள் கொள்கின்றன. மாதக் கடைசி நாளில் 28,000 ரூபாய் சம்பளம் ஏறும் ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போய், அடுத்த சம்பளத்துக்கு முந்தைய நாள் 4,000 ரூபாய் நிற்கிறது. எல்லா மாதமும் இதே கதைதான். செப்டம்பர் 30 அன்று முடியும் அரையாண்டில் சராசரி இருப்பு 18,000 ரூபாய் என்றால், அசையாத 4,000 ரூபாய் காலப் பொறுப்பு, வந்து வந்து போகும் மீதி 14,000 ரூபாய் கேட்புப் பொறுப்பு. ஒரு குடும்பத்தின் மாத வரவுசெலவையே பாஸ்புக்கிலிருந்து இந்தக் கணக்கு படித்துவிடுகிறது.

நடப்புக் கணக்குக்கு நம் நாட்டில் வட்டி கிடையாது. ஆகவே அடுத்த சில நாள்களில் தர வேண்டிய தொகைக்கு மேல் எந்த வணிகரும் அதில் பணத்தைச் சும்மா கிடக்க விடுவதில்லை. பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு ஆர்டர் வருகிறது. நூல் வாங்க 50 லட்சம் ரூபாய் கடன் கேட்கிறது. வங்கி யாருடைய பணத்தையும் எடுத்துத் தருவதில்லை. கடன் கணக்கில் 50 லட்சம் பற்று, நிறுவனத்தின் நடப்புக் கணக்கில் 50 லட்சம் வரவு என்று எழுதும் அந்த நொடியிலேயே புதிய கேட்பு வைப்பு பிறந்துவிடுகிறது. அது நூற்பாலைக்குப் போகிறது, அங்கிருந்து கூலியாகத் தொழிலாளர் கணக்குகளுக்குப் போகிறது. ஆர்டர் குறைந்து, பழைய கடனை அடைத்தவர்கள் புதுக்கடன் வாங்காதபோது, பிறந்த வைப்பு அப்படியே மறைகிறது. கேட்பு வைப்பு பொருளாதாரத்தின் நாடியைக் காட்டுவது இதனால்தான்.

அமெரிக்காவில் 1929 முதல் 1933 வரையிலான பெருமந்தத்தில் வைப்புகள் இப்படி மறைவது கொடூரமாக நடந்தது. வங்கிகள் மூடப்படும் என்ற அச்சத்தில் மக்கள் ரொக்கமாக எடுத்தார்கள்; கையிருப்பு குறைந்த வங்கிகள் கடனைச் சுருக்கின; பண அளிப்பு, அதாவது மக்களிடம் உள்ள ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

ஆனால் நாடி தவறாகத் துடிப்பதும் உண்டு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பியது. வைப்புகள் குவிந்த அதே வாரங்களில், ரொக்கத்தை நம்பியிருந்த சிறு வணிகர்கள் சரக்கு விற்க முடியாமல் தவித்தார்கள். அந்த எண்ணைக் காட்டிச் செழிப்பு என்று பேசியதை என்னால் ஏற்க முடியாது. இதற்கு நேர்மாறாக, 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, சேமிப்புக் கணக்கில் கிடந்த பணம் கூடுதல் வட்டி தேடி நிரந்தர வைப்புக்கு நகர்ந்தது. அதை மந்தம் என்று படித்திருந்தால் பெரும்பிழை.

ஆகவே வைப்பின் அளவோடு, அது எத்தனை முறை கைமாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் ஒரு லட்சம் ரூபாய் மாதத்தில் பத்து முறை கைமாறினால் பத்து லட்சம் ரூபாய்க்குக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது; இன்னோர் ஊரில் அதே தொகை ஒருமுறையே மாறினால் ஒரு லட்சத்துக்குத்தான். இரண்டு ஊர்களிலும் வைப்புத் தொகை என்னவோ ஒன்றேதான். இந்தப் புழக்க வேகத்தை மாவட்ட வாரியாக அளந்து, நம் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கைக்கு எட்டும்படி வெளியிடப் பொதுப்பணத்தைத் தாராளமாகச் செலவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.