படுத்த நேரமும் தூங்கிய நேரமும்

எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கர்ப்பிணியைக் கேட்டால், பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறேன் என்பார். எட்டு மணி நேரம் என்று குறித்துக்கொள்வோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 தொழிலாளர்களின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்கள் படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம்; தூங்கியது ஐந்தரை மணி நேரம். புரளாமல் விழித்துக் கிடப்பதையும் இந்தக் கருவி தூக்கம் என்றே எண்ணிவிடும். ஆகவே உண்மைக் கணக்கு இன்னும் குறைவாகவே இருக்கலாம். அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். அதே போன்ற வீட்டில் வயிற்றுப்பிள்ளையோடு படுப்பவரின் நிலை என்ன?

உடல் தரும் தொல்லை எல்லோருக்கும் பொது. சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஏறக்குறைய 50 சதவீதம் கூடுகிறது. கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. வேறுபாடு அறையில்தான் வருகிறது. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். கை, கால் தோல் வழியே அந்தச் சூடு வெளியேற வேண்டும். கர்ப்பிணியின் உடலோ வழக்கத்தைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை நள்ளிரவு தாண்டியும் அனலைக் கீழே இறக்கும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் வியர்வையும் எளிதில் காயாது. கொசுவுக்குப் பயந்து சன்னலை மூடினால் வருகிற காற்றும் போயிற்று.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு வரைபடத்திலேயே தெரியும். 1930களில் கருப்பின மக்கள் வாழ்ந்த பல பகுதிகளை, கடன் கொடுக்கத் தகாதவை என்று சிவப்பு நிறத்தில் குறித்தார்கள். 108 நகர்ப்புறங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வின்படி, அப்பகுதிகள் கோடையில் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுடுகின்றன. மரம் குறைவு, தார்ச்சாலை அதிகம். அந்நாட்டில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 782 பெண்களிடம் இதே மணிக்கட்டுக் கருவியைக் கட்டியபோது, 27.9 சதவீதத்தினர் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்கினார்கள். வயது, எடை ஆகியவற்றுடன் இனமும் காப்பீட்டு வகையும் தூக்கத்தோடு தொடர்புகொண்டிருந்தன. காப்பீட்டு வகை என்பது அங்கே வருமானத்தின் மறுபெயர்.

அந்த ஆய்வு தூக்கத்தின் நடுப்புள்ளியையும் பார்த்தது. இரண்டு மணிக்குத் தூங்கி எட்டு மணிக்கு எழுந்தால் நடுப்புள்ளி ஐந்து மணி. அது ஐந்தைத் தாண்டியவர்களிடமும், குறைவாகத் தூங்கியவர்களிடமும் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாக இருந்தது. இரவு ஷிப்ட் வேலையில் இருப்பவரிடம் சீக்கிரம் படுக்கச் சொல்லி என்ன பயன்? அதிகாலைக் குழாய்த் தண்ணீருக்கு விழிப்பவருக்கும் அறிவுரை மட்டும் போதாது.

எளிதில் சரிசெய்யக்கூடியது கால் குடைச்சல். படுத்ததும் கால்களை ஆட்டாமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் தணியும். இரும்புச்சத்துக் குறைவு இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்பு இருப்பு வற்றியிருக்கலாம் என்பதால், அந்த இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையும் தேவை; அது லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் இரும்புச்சத்து பற்றிப் பேச வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது. கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது; இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபியோடும் கூடாது. எலுமிச்சைச் சாறு உதவும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு குடைச்சலைக் கூட்டக்கூடியது; அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குறட்டையைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். குறட்டை நடுவில் நின்று, திணறி மீண்டும் தொடங்கினால் மூச்சுத்தடை இருக்கலாம். ரத்தக்கொதிப்போடும் கர்ப்பகால நீரிழிவோடும் தொடர்புள்ளது அது. தூங்குபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

28 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருநாளத்தை நசுக்கும். ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. பாயில் படுப்பவர் சுருட்டிய பழைய போர்வையை முதுகுக்குப் பின்னால் அண்டை கொடுக்கலாம். நடு இரவில் மல்லாந்து கிடப்பது தெரிந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தால், திரும்புவதற்கான அந்த இடத்தை அவருக்கு முதலில் ஒதுக்க வேண்டும்.