மூங்கில் மேடைக்குள் தண்ணீர் நுழையும் வழி

சமையல் மேடைக்கு மூங்கில் பலகை என்றதும் பலரும் கேட்பது சூடு தாங்குமா என்றுதான். களிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்தால் கருகும். ஒரு பிரிமணை போதும், அந்தக் கவலை தீர்ந்தது. மூங்கிலைக் கெடுப்பது தண்ணீர்தான்.

மூங்கில் தண்டில் நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றியவை அவை. தண்டைப் பிளாச்சுகளாகக் கிழித்து, இழைத்து, பசை தடவி அழுத்திப் பலகையாக்கிய பிறகும் அந்தக் குழாய்கள் அப்படியே இருக்கும். பலகையின் முகத்தில் அவை படுத்துக் கிடப்பதால் சிந்திய ரசம் மெதுவாகவே உள்ளே இறங்கும். அறுத்த முனையிலோ வாய்கள் திறந்திருக்கும். சிங்க் பொருத்தத் துளை வெட்டும்போது, நாள் முழுக்க ஈரம் படும் இடத்திலேயே அந்த வாய்களைத் திறந்துவிடுகிறோம்.

ஒகேனக்கல் பரிசலும் மூங்கில்தானே, அது காவிரியிலேயே கிடக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பரிசலின் அடியில் தாரும் பிளாஸ்டிக் தாளும் நீரைத் தடுக்கின்றன. முன்பு தோல் போர்த்தினார்கள். அதோடு, அதன் பிளாச்சுகள் பின்னப்பட்டவை. ஈரம் ஏறினால் ஒவ்வொன்றும் தனியாக உப்பிக்கொள்ள இடமுண்டு. மூங்கில் நீளத்தில் அநேகமாக மாறாது, அகலத்திலும் தடிமனிலும்தான் உப்பும். மேடையில் பக்கத்துப் பிளாச்சுகள் பசையால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பகுதி மட்டும் நனைந்து உப்பினால் பலகை வளையும், இணைப்பு விடும். தருமபுரியின் சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் ஈரம் குடிக்கும் பலகையைத் திருகாணியால் இறுக்கிவிட்டாலும் இதே கதைதான். பலகை உப்பிச் சுருங்க இடம் கிடைக்கும்படி திருகாணித் துளை நீள்வட்டமாக இருக்கட்டும்.

வாங்கும்போது பசை பினாலிக் வகையா என்று கேளுங்கள். யூரியா பசை ஈரத்தில் தளரும். பிளாச்சுகளை வேகவைத்து மாவுச்சத்தை நீக்கியிருக்கிறார்களா என்பதும் முக்கியம், மரத்தைத் துளைக்கும் உளு வண்டு தேடி வருவது அதைத்தான்.

கிரானைட் குவாரிகள் உள்ள கிருஷ்ணகிரியில் சிங்க்கைச் சுற்றிக் கல்லும், காய் நறுக்கும் பக்கம் மூங்கிலும் போடுவதே என் தேர்வு. கல்லில் கத்தி விரைவில் மழுங்கும்.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது உலர்ந்து இறுகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகிப் படலமாகும். அறுத்த முனைகளில், உறிஞ்சுவது நிற்கும்வரை பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும் அந்த வினையில் எழும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.