உறுப்புரு (ஆர்கனாய்டு): ஒரு சொல் விளக்கம்

தருமபுரிப் பக்கம் ‘திசு’ என்றால் பலருக்கும் திசு வளர்ப்பு வாழைக்கன்றுதான் நினைவுக்கு வரும். இது ஆங்கில ‘டிஷ்யூ’வின் ஒலிபெயர்ப்பு. பழைய பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு ‘நெய்யப்பட்டது’ என்று பொருள். உடலின் அமைப்புகளுக்கு அந்தப் பெயரை நிலைநாட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பிஷா. காலம் 1800ஐ ஒட்டியது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இழையம்’ என்று எழுதுகின்றன. எனக்கு அதுதான் நெஞ்சுக்கு நெருக்கம். பட்டுக்கூடு ஏலம் போகிற ஊர் எங்களுடையது. வெந்நீரில் மிதக்கும் கூடுகளைத் துழாவி, நுனியைப் பிடித்து, பல கூடுகளின் நாரைச் சேர்த்து இழுத்தால்தான் ஓர் இழை உருவாகும். உயிரணுக்கள் பல கூடி ஒன்றாவதைச் சொல்ல இதைவிட நல்ல வேர்ச்சொல் எது?

இப்போது ‘ஆர்கனாய்டு’ என்ற சொல் செய்திகளில் அடிபடுகிறது. பலவகை உயிரணுக்களாக மாறக்கூடிய குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) ஊன்பசை (ஜெலட்டின்) போன்ற ஊடகத்தில் வளர்த்தால், அவை தாமே அடுக்கடுக்காகக் கூடி ஓர் உறுப்பின் சிறு வடிவமாகின்றன. குடலுக்கானது கேழ்வரகு மணியைவிடப் பெரிதாகாது. எலியின் ஒற்றைக் குருத்தணுவிலிருந்து இதை வளர்த்ததை 2009இல் நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் சாட்டோவும் கிளெவர்சும் வெளியிட்டார்கள்.

இதன் அருமை நச்சுயிரி (வைரஸ்) ஆய்வில் தெரியும். பட்டுப்புழுவைக் கொல்லும் நச்சுயிரி அதை வளர்ப்பவரைத் தொடுவதில்லை; ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற உடல் வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோ நச்சுயிரி 1972இல் நுண்ணோக்கியில் தெரிந்தும், ஆய்வகத்தில் வளர்க்கப் பல பத்தாண்டுகள் பிடிகொடுக்கவில்லை. 2016இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மேரி எஸ்டஸ் குழுவினர் மனிதக் குடல் ஆர்கனாய்டுகளில் அதைப் பெருக்கிக் காட்டினார்கள். சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. குடலில் இருப்பதாக அவற்றை நம்பவைக்க வேண்டும் அல்லவா! அதே ஆண்டில், ஜிகா நச்சுயிரி கருவின் மூளையை எப்படிச் சிறுக்கவைக்கிறது என்பதும் மூளை ஆர்கனாய்டுகளில் தெரிந்தது.

தமிழில் என்ன சொல்வது? ‘உறுப்புப்போலி’ வேண்டாம். போலி மருத்துவர் கைது என்று அடிக்கடி படிக்கும் நமக்கு அது ஏமாற்று வேலையாகவே ஒலிக்கும். ‘ஆர்கனான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கருவி, உறுப்பு என்று பொருள். ஈற்றில் உள்ள ‘ஆய்டு’ வடிவம் என்ற பொருளுடைய ‘ஐடோஸ்’ வழி வந்தது. நம்மிடம் ‘உரு’ இருக்கிறதே! உறுப்பு, உரு இரண்டும் சேர்ந்தால் உறுப்புரு. குடல் உறுப்புரு, மூளை உறுப்புரு, பன்மையில் உறுப்புருக்கள்.